திருத்தணி திருப்புகழை சினிமாவில் பயன்படுத்த யாரிடம் அனுமதி வாங்கணும்? இசையமைப்பாளர்களுக்கான முழு விளக்கம்

டிசம்பர் 31 இரவு. திருத்தணி மலையின் 365 படிகளிலும் பஜனைக் குழுக்கள் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகின்றன. கூட்டத்தில் ஒரு இளம் இசையமைப்பாளர் அதை போனில் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அவருடைய முதல் படத்தில் ஒரு கோயில் காட்சி. "அருணகிரிநாதர் பாட்டுதானே, 500 வருஷத்துக்கு முந்தையது. அப்படியே போட்டுக்கலாம்" என்று நினைக்கிறார்.

போடலாமா?

பாட்டின் வரிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவர் பதிவு செய்த மெட்டு 50 வருஷத்துக்கு முன்பு ஒருவர் அமைத்ததாக இருக்கலாம். பாடிய குரல் நேற்றைய குரல். வரி, மெட்டு, குரல், ஒலிப்பதிவு என ஒவ்வொன்றுக்கும் வயது வேறு, உரிமையாளரும் வேறு. பழைய பாடல்களைத் தொடும் இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான்.

சறுக்கினால் என்ன ஆகும்? 2025-ல் 'குட் பேட் அக்லி' படத்தில் தன்னுடைய மூன்று பாடல்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக இளையராஜா வழக்கு தொடர்ந்தார். அந்தப் பாடல்களோடு படத்தைக் காட்ட சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பெரிய தயாரிப்பு நிறுவனம் இதைத் தாங்கிக்கொள்ளும். முதல் படம் எடுப்பவர்களுக்கு அந்த ஒரு தடையே படத்தை முடக்கிவிடும்.

பழைய பாடலை, கோயில் இசையை, நாட்டுப்புற மெட்டை படத்தில் பயன்படுத்த நினைக்கும் இசையமைப்பாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

திருத்தணிக்கும் இசைக்கும் என்ன தொடர்பு?

முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது திருத்தணி. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திராவில் இருந்து, ம.பொ.சிவஞானம் உள்ளிட்டோரின் போராட்டத்துக்குப் பிறகு 1960-ல் தமிழகத்துடன் இணைந்தது. இன்றும் ஆடிக் கிருத்திகைக்குத் தமிழும் தெலுங்கும் பேசும் பக்தர்கள் காவடியோடு சேர்ந்தே வருகிறார்கள்.

இசை வரலாற்றில் இந்த ஊருக்குப் பெரிய இடம் உண்டு. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கிருதியை இங்கேதான் பாடினார் என்பது மரபு. கோயிலில் ஒரு முதியவர் அவர் வாயில் கற்கண்டைப் போட்டு மறைந்தார், உடனே 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ' பிறந்தது என்று சொல்வார்கள். ராகம் மாயாமாளவகௌளை. 'குருகுஹ' என்ற முத்திரையும் திருத்தணி முருகனிடம் இருந்து வந்ததுதான்.

அருணகிரிநாதரும் தணிகை முருகன் மீது ஏராளமான திருப்புகழ் பாடியிருக்கிறார். புத்தாண்டு இரவில் நடக்கும் திருப்படித் திருவிழாவை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புத்தாண்டு அன்று வெள்ளைக்கார துரைகளைப் பார்த்து வாழ்த்து சொல்லப் போனவர்களை, "தணிகை துரையைப் பாருங்கள்" என்று மலைக்குத் திருப்பிவிட்டவர் அவர்.

கிருதி, திருப்புகழ், காவடிப் பாட்டு, பம்பை, உடுக்கை, நாதஸ்வரம் என்று ஒரு படத்துக்குத் தேவையான அத்தனை ஒலியும் இந்த ஒரே மலையில் கிடைக்கும். காப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

ஒரு பாட்டுக்குள் எத்தனை உரிமை இருக்கு?

1957-ம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, நாம் 'ஒரு பாட்டு' என்று சொல்வதில் குறைந்தது நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

1. வரிகள்: இது இலக்கியப் படைப்பு. உரிமை முதலில் பாடலாசிரியருடையது.

2. மெட்டு: இது இசைப் படைப்பு. சட்டம் இதை வரிகளில் இருந்து பிரித்தே பார்க்கிறது. 'இசைப் படைப்பு' என்றால் இசையும் அதன் ஸ்வரக் குறிப்பும் மட்டும்தான், பாடப்படும் சொற்கள் அதில் சேராது.

3. ஒலிப்பதிவு: கேசட், சிடி, ஆன்லைனில் வெளியான அந்தக் குறிப்பிட்ட பதிவு. உரிமை பொதுவாக அதைத் தயாரித்த நிறுவனத்துடையது.

4. கலைஞரின் நிகழ்த்துகை: பாடியவர், வாசித்தவர் ஆகியோருக்கான உரிமை.

இவற்றில் ஒன்று காலாவதி ஆகிவிட்டால் மற்றவையும் தானாக விடுபட்டுவிடாது. ஒலிப்பதிவு நிறுவனம் 'சரி' என்று சொல்லிவிட்டால் இசையமைப்பாளரும் சொல்லிவிட்டார் என்று அர்த்தமும் இல்லை. அதனால் நான்கையும் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

60 ஆண்டு கணக்கைப் போடுவது எப்படி?

வரிகளுக்கும் மெட்டுக்கும்: படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-ல் இருந்து 60 ஆண்டுகள்.

ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும்: வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-ல் இருந்து 60 ஆண்டுகள்.

நிகழ்த்துகைக்கு: நிகழ்ந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-ல் இருந்து 50 ஆண்டுகள்.

சில உதாரணங்கள் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தார். அவருடைய கிருதிகளின் வரி, மெட்டு இரண்டுமே பொதுச்சொத்து. அவற்றை ஸ்வரக் குறிப்புகளோடு அச்சிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் வெளிவந்தது. அதைத் தொகுத்த சுப்பராம தீட்சிதர் 1906-ல் மறைந்தார். எனவே அந்தக் குறிப்புகளுக்கும் தடை இல்லை.

பாபநாசம் சிவன் கணக்கு வேறு. 'கா வா வா' போன்ற அவருடைய முருகன் பாடல்கள் கச்சேரிகளில் அடிக்கடி ஒலிப்பதால், பலர் அவற்றையும் தீட்சிதர் காலத்துப் பாட்டு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அவர் மறைந்தது 1973-ல். ஆக, 2033 டிசம்பர் 31 வரை காப்புரிமை உண்டு.

காலம் முடிவதற்கு முன்பே பொதுச்சொத்து ஆனவையும் இருக்கின்றன. 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் ஏவி.எம். நிறுவனம் பாரதியார் பாடல்களைப் பயன்படுத்தியபோது, அந்தப் பாடல்களின் இசை உரிமை அந்த நிறுவனத்திடம் இருந்தது. மகாகவியின் பாட்டு தனியார் கையில் இருக்கலாமா என்று பெரிய விவாதம் எழுந்தது. 1949-ல் பாரதி படைப்புகள் அரசுடைமை ஆகின. அதன்பிறகு யார் வேண்டுமானாலும் பாரதி பாட்டுக்கு மெட்டு போடலாம். ஆனால் ஏற்கெனவே ஒருவர் போட்ட மெட்டை எடுக்க, அவருடைய அனுமதி வேண்டும்.

திருப்புகழ்: வரி பழசு, மெட்டு புதுசா?

ஆமாம். பெரும்பாலும் அப்படித்தான்.

அருணகிரிநாதர் 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருடைய பாடல்கள் ஓலைச்சுவடிகளில் சிதறிக் கிடந்தன. வ.த.சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் திரட்டினார். அவர் பதிப்பித்த திருப்புகழின் முதல் பாகம் 1894-ல் அச்சானது. நமக்கு வரிகள் கிடைத்தன, சந்தமும் கிடைத்தது. அருணகிரிநாதர் அவற்றை எந்த ராகத்தில் பாடினார் என்பது மட்டும் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் இன்று நாம் கேட்கும் மெட்டுகள் எங்கிருந்து வந்தன? பிற்காலத்தில் வந்த ஓதுவார்கள், கச்சேரி வித்வான்கள், பஜனை குருமார்கள் அமைத்தவை அவை. உதாரணமாக, டெல்லியில் 'திருப்புகழ் அன்பர்கள்' அமைப்பை வளர்த்த ஏ.எஸ்.ராகவன் ஏராளமான திருப்புகழ் பாடல்களுக்கு ராக, தாளம் அமைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த வழியில் பாடும் குழுக்கள் நாடெங்கும் இருக்கின்றன. 1964-ல் வெளியான 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் நடித்துப் பாடிய 'முத்தைத்தரு' இன்னொரு உதாரணம். அந்தப் படத்தில் வந்த மெட்டையே அருணகிரிநாதரின் மெட்டு என்று நினைப்பவர்கள் உண்டு.

எனவே, மலைப்படியில் கேட்ட திருப்புகழை அப்படியே எடுத்தால், வரிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மெட்டுக்குக் கேட்க வேண்டி வரலாம்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பாடியவர்களிடமே "இந்த மெட்டு யாருடையது, யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டு அந்த வழியைப் பிடித்து அனுமதி பெறுவது. இரண்டு, அதே வரிகளுக்குச் சொந்தமாக மெட்டு போடுவது.

சொந்த மெட்டு போடும்போது சந்தத்தில் மட்டும் கை வைக்காமல் இருப்பது நல்லது. திருப்புகழின் குறில், நெடில், ஒற்று எல்லாமே தாளக்கணக்குக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ராகத்தை மாற்றினால் பாட்டு தாங்கும். காட்சி 40 விநாடிதான் என்று நடுவில் ஒரு சீரை வெட்டினால், படிகளில் காலம் காலமாகப் பாடி வருபவர்களுக்கு அது உடனே உறுத்தும். நேரம் குறைவாக இருந்தால், பாதி அடியை வெட்டாமல், முழு அடிகளாகக் குறைப்பதே பாதுகாப்பு.

பழைய பாட்டு மாதிரி கேட்கும், ஆனா இல்லை: ஒரு திருத்தணி பாட்டு

'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' பாடலைக் கேட்காத முருகன் கோயில் இருக்காது. பாட்டின் தொடக்கத்திலேயே திருத்தணி மலை வரும். 1967-ல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'கந்தன் கருணை' படத்தில் சூலமங்கலம் ராஜலட்சுமியும் பி.சுசீலாவும் பாடினார்கள்.

படத்தின் இசையமைப்பாளர் கே.வி.மகாதேவன். சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலில் வழங்கப்பட்டதே இந்தப் படத்துக்காக அவருக்குத்தான். ஆனால் இந்த ஒரு பாடலுக்கு மெட்டு போட்டவர் அவர் இல்லை, குன்னக்குடி வைத்தியநாதன். எழுதியவர் பூவை செங்குட்டுவன்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் 1967-ல் வந்தது. படத்தில் உள்ள ஒலிப்பதிவின் காப்புரிமை 2027 இறுதியில் முடியும். குன்னக்குடி வைத்தியநாதன் மறைந்தது 2008-ல். மெட்டின் காப்புரிமை 2068 இறுதிவரை ஓடும். வரிகளுக்கான காலத்தைப் பாடலாசிரியரை வைத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

2028-ல் யாராவது வந்து "அந்த ரெக்கார்டிங் இப்போ ஃப்ரீ சார், எடுத்துப் போட்டுக்கலாம்" என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. பதிவின் காலம் முடிந்தாலும் அதற்குள் இருக்கும் மெட்டுக்கு இன்னும் 40 ஆண்டுகள் பாக்கி இருக்கும்.

ராகத்துக்கு யாராவது சொந்தம் கொண்டாட முடியுமா?

முடியாது. ராகம், தாளம், சந்தம் ஆகியவை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. சங்கீதம் கற்கும் குழந்தை சரளி வரிசை தொடங்குவதும் மாயாமாளவகௌளையில்தான். தீட்சிதரின் முதல் கிருதியும் அதே ராகம். 1992-ல் 'தேவர் மகன்' படத்தில் வந்த 'மாசறு பொன்னே வருக' பாடலும் அதே ராகம்தான். மூன்றும் மூன்று விதம்.

ராகத்துக்குள் ஒருவர் கட்டிய குறிப்பிட்ட மெட்டு மட்டும் படைப்பு. இந்த இரண்டுக்கும் எல்லை எங்கே என்பதுதான் 'பொன்னியின் செல்வன் 2' படத்தின் 'வீரா ராஜ வீரா' பாடல் தொடர்பான வழக்கில் விவாதம் ஆனது. தன் தந்தையும் பெரியப்பாவும் உருவாக்கிய 'சிவ ஸ்துதி'யை ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல் ஒத்திருப்பதாக, துருபத் கலைஞர் ஃபயாஸ் வாசிஃபுதீன் டாகர் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றார். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி, 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்தவும் படத்தில் பெயர் குறிப்பிடவும் இடைக்கால உத்தரவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு படைப்பைப் பாடியவர் என்பதாலேயே அவர்தான் அதைப் படைத்தவர் என்று ஆகிவிடாது என்பது அங்கே முக்கியக் கேள்வி ஆனது.

ஒரே பாடலுக்கு ஆறு மாதத்துக்குள் இரண்டு விதமான உத்தரவுகள். இதில் இருந்து இசையமைப்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. எந்த மரபில் இருந்து, யார் பாடியதைக் கேட்டு உந்துதல் பெற்றீர்கள் என்பதை மெட்டு போடும்போதே எழுதி வையுங்கள். டெமோக்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள். மரபின் பெயரைப் படத்தில் குறிப்பிடச் செலவு எதுவும் இல்லை.

காலம் முடிந்த படைப்பு என்றால் சுதந்திரம் பெரிது. 1985-ல் வந்த 'சிந்து பைரவி' நல்ல உதாரணம். காம்போதி ராகத்தில் உள்ள தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கிருதியை இளையராஜா சாரமதி ராகத்துக்கு மாற்றினார். 'பாடறியேன் படிப்பறியேன்' என்ற நாட்டுப்புறப் பாணிப் பாட்டில் தொடங்கி அந்தக் கிருதிக்குள் கொண்டுபோய் முடித்தார். சாஸ்திரம் அறிந்த சிலர் முகம் சுளித்தாலும், சட்டப்படி கேள்வி எழவில்லை. இசைக்கும் பாட்டுக்கும் தேசிய விருது வந்தது.

தீட்சிதரே இதற்கு முன்னோடி. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில், கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். 'நோட்டுஸ்வரம்' என்று அவை இன்றும் பாடப்படுகின்றன. 'காட் சேவ் த கிங்' மெட்டில் அமைந்த 'சந்ததம் பாஹிமாம்' அதில் ஒன்று.

கோயிலில் பாடுவது தப்பில்லை, படத்தில் போட்டால் மட்டும் ஏன் சிக்கல்?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. உண்மையான மதச் சடங்கின்போது ஒரு பாடலைப் பாடுவதும் ஒலிக்க விடுவதும் காப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52-வது பிரிவு விலக்கு கொடுக்கிறது. படிகளில் பாடும் பக்தருக்கு அந்த விலக்கு பொருந்தும். அதைப் பதிவு செய்து படத்தில் சேர்த்து விற்பவருக்குப் பொருந்தாது.

காவடி, பம்பை, உடுக்கை: நேரடிப் பதிவு செய்யும் முன்

ஆடிக் கிருத்திகை நாளில் கிடைக்கும் பம்பைச் சத்தத்தை எந்த ஸ்டுடியோவிலும் உருவாக்க முடியாது என்று பல இசையமைப்பாளர்கள் நேரில் போய்ப் பதிவு செய்ய விரும்புவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சில விஷயங்கள் இருக்கு.

முதலில், இடம். கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருகிறது. வளாகத்துக்குள் வணிக நோக்கத்தில் பதிவு செய்ய, கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி கேட்க வேண்டும். திருவிழா நாளில் போய் நின்று கேட்டால் நடக்காது.

அடுத்தது, ஆள். நாட்டுப்புறப் பாட்டுக்கு 'ஆசிரியர் பெயர் தெரியாது' என்றாலும், அன்று பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கலைஞர் உரிமை உண்டு. அவர்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து படத்தில் சேர்ப்பது அந்த உரிமையை மீறுவது. கூட்டத்தின் பொதுவான இரைச்சல் வேறு. ஒருவரின் குரலோ வாசிப்போ தனியாக அடையாளம் தெரியும்படி வந்தால், அவரைக் கேட்டே ஆக வேண்டும்.

சம்மதக் கடிதம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டியவை: கலைஞர் பெயர், பதிவு செய்த தேதி, இடம், எந்தப் படம், கொடுத்த தொகை, படத்தில் பெயர் எப்படி வரும், டிரெய்லர், பாடல் வெளியீடு, ஓடிடி என எங்கெல்லாம் பயன்படும். கலைஞருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். திருத்தணியில் அது தெலுங்காகவும் இருக்கலாம். படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு நாள் கூலியாக ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து வாசிக்க வைத்துவிட்டு, அந்தத் துண்டைப் பல படங்களில் 'சாம்பிள்' ஆகப் பயன்படுத்தும் பழக்கம் சினிமாவில் புதிதில்லை. வாசித்தவருக்கு அது தெரியவே தெரியாது. பாட்டு ஹிட் ஆகும்போது அவர் அடுத்த ஊர்த் திருவிழாவில் வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு படத்துக்கு வாங்கிய சம்மதம் அந்த ஒரு படத்துக்கு மட்டும்தான் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால், இரண்டு பக்கமும் பிரச்சினை இல்லை.

யூடியூபில் இருந்து எடுத்துக்கலாமா? கவர் பண்ணலாமா?

யூடியூபில் இலவசமாகக் கேட்க முடிகிறது என்பது, இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ஆகாது. 'பாரம்பரியப் பாடல்' என்று கீழே எழுதியிருந்தாலும் ஒலிப்பதிவு உரிமை அங்கே உண்டு. அதில் இருந்து 5 விநாடி எடுத்தாலும் பரவாயில்லை, 10 விநாடி வரை கேஸ் இல்லை என்றெல்லாம் ஸ்டுடியோக்களில் சொல்வார்கள். அப்படி விநாடிக் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை.

கவர் பாடல்களுக்குச் சட்டத்தின் 31சி பிரிவு ஒரு வழி தருகிறது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் கொடுக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. ஆனால் இது ஒலிப்பதிவு வெளியிடுவதற்கான வழி. படத்தின் காட்சியோடு ஒரு பாடலைச் சேர்க்க, சினிமாக்காரர்கள் 'சிங்க் லைசென்ஸ்' என்று சொல்லும் தனி அனுமதியை மெட்டு, வரி உரிமையாளர்களிடம் வாங்க வேண்டும். பழைய பதிவையே பயன்படுத்தினால், ஒலிப்பதிவு நிறுவனத்தின் அனுமதி கூடுதலாகத் தேவை.

தெரிந்தே காப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

ஏஐ குரல் பயன்படுத்தினால்?

மறைந்த பாடகர் குரலில் திருப்புகழ் பாட வைப்பது இன்று மொபைலிலேயே முடிகிற காரியம். 2024-ல் வெளியான 'லால் சலாம்' படத்தின் ஒரு பாடலில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் பயன்படுத்தினார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். யாருடைய குரலாக இருந்தாலும் பின்பற்ற வேண்டிய வரிசை இதுதான்: முதலில் அனுமதி, பிறகு பணம், பிறகு பாட்டு.

சரி, நீங்க போட்ட மெட்டு யாருக்குச் சொந்தம்?

மற்றவர் உரிமையைப் பார்ப்பது பாதி வேலை. தன்னுடைய உரிமையைப் பார்த்துக்கொள்வது மீதி.

1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காக இசை அமைக்கச் சொன்னால், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. பல ஆண்டுகளாக இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் ஒரே தொகை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள்.

2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் இதற்காக வலுவாகக் குரல் கொடுத்தவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். திருத்தத்துக்குப் பின் நிலைமை இதுதான்:

* திரையரங்கில் படம் ஓடுவதைத் தவிர்த்து, டிவி, ரேடியோ, ஓடிடி, மேடை என மற்ற பயன்பாடுகளுக்கான ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு சம பங்கு பெறும் உரிமை இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உண்டு.

* அந்த ராயல்டி உரிமையைச் சட்டப்படியான வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தப் பகுதி செல்லாது.

* உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும்.

இந்த ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு ஐ.பி.ஆர்.எஸ். 1969-ல் தொடங்கப்பட்டது. உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாடலையும் அங்கே பதிவு செய்ய வேண்டும். படம் முடிந்ததும் 'கியூ ஷீட்' தயாரிக்க வேண்டும். அதாவது, படத்தில் எந்த இடத்தில், எத்தனை விநாடி, யாருடைய இசை வருகிறது என்ற பட்டியல். அதில் திருப்புகழ் வரிக்கு 'அருணகிரிநாதர், பொதுச்சொத்து' என்றும், மெட்டுக்கு உங்கள் பெயரும் தெளிவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முழுப் பாட்டுமே 'பாரம்பரியம்' என்று பதிவாகி, உங்கள் உழைப்புக்கு வர வேண்டிய பங்கு வராமல் போகலாம்.

பழைய பாட்டைத் தொடும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. வரிகளை எழுதியவர் யார்? எந்த ஆண்டு மறைந்தார்?

2. நான் கேட்ட மெட்டை அமைத்தவர் யார்? வரி எழுதியவரும் அவரும் ஒருவர்தானா?

3. பழைய பதிவை அப்படியே எடுக்கிறேனா, புதிதாகப் பாட வைக்கிறேனா?

4. பாடியவர், வாசித்தவர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா?

5. இடம் கோயிலா? நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதா?

6. அனுமதியில் டிரெய்லர், ஓடிடி, வெளிநாடு, மொழிமாற்றம் எல்லாம் சேர்ந்திருக்கிறதா?

7. டைட்டிலில் யார் யார் பெயர் வரும் என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேனா?

8. வழக்கு வந்தால் செலவு யாருடையது என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

எட்டாவது கேள்வியைப் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். 'இசையில் எந்தச் சிக்கல் வந்தாலும் இசையமைப்பாளரே பொறுப்பு' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்து, இயக்குநர் கேட்டதற்காகச் சேர்த்த பழைய பாட்டுக்கு நோட்டீஸ் வந்தால், வாங்கிய சம்பளத்தைவிடப் பெரிய தொகையை இசையமைப்பாளர் கொடுக்க நேரலாம். இயக்குநரோ தயாரிப்பாளரோ கேட்டுச் சேர்க்கும் பாடலுக்கு அனுமதி வாங்கும் பொறுப்பு தயாரிப்புத் தரப்புடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

யாருடைய மெட்டு என்று தேடியும் தெரியவில்லை என்றால், அதைத் தொடாமல் புதிதாக ஒன்று போடுவதே நல்லது. வரி அருணகிரிநாதருடையது, சந்தம் அவர் கொடுத்தது, ராகம் எல்லோருக்கும் பொது. மெட்டு மட்டும் உங்களுடையதாக இருந்தால், அந்தப் பாட்டுக்காக நீங்கள் யார் முன்பும் போய் நிற்க வேண்டியதில்லை.

(இது பொதுவான தகவலுக்கான விளக்கம். குறிப்பிட்ட பாடல் அல்லது ஒப்பந்தம் பற்றி முடிவெடுக்கும் முன், காப்புரிமைச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறவும்.)